ஒரு பாட்டின் தாய்வழி

1979 ஜூன் மாதம் லண்டனின் ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் ஒரு சிறிய இசைத்தட்டை வெளியிட்டது. பாட்டின் பெயர் 'தே டோன்ட் நோ'. 'அவர்களுக்குத் தெரியாது' என்று பொருள். எழுதிப் பாடியவர் கிர்ஸ்டி மக்கால், வயது 19. பிரிட்டிஷ் வானொலிகளுக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடித்துப்போயிற்று. வானொலியில் அதிகம் ஒலிக்கும் பாடல்களை வரிசைப்படுத்தும் 'மியூசிக் வீக்' பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ஆனால் விற்பனைத் தரவரிசையில் அந்தப் பாட்டு எந்த இடத்திலும் இல்லை. இசைத்தட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோகத்தில் அப்போது வேலைநிறுத்தம். வானொலியில் கேட்டு மயங்கியவர்கள் காசோடு கடைக்குப் போனார்கள். கடையில் தட்டு இல்லை. தட்டு வந்து சேர்வதற்குள் வானொலி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது.

நான் இந்தப் பாட்டை முதலில் கேட்டது வேறொரு பெண்ணின் குரலில். அதை அறுபதுகளின் அமெரிக்கப் பாட்டு என்றே பல காலம் நினைத்திருந்தேன். ஏதோ ஒரு நியூயார்க் பள்ளிக்கூடத்துப் பெண்கள் 1963 வாக்கில் பாடியிருப்பார்கள், பெயர் மறந்துபோயிருக்கும் என்று. பங்க் இசை ஓய்ந்துகொண்டிருந்த லண்டனில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி எழுதியது என்று தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தப் பிழையில் ஒரு நியாயம் இருந்தது. பாட்டே தன்னை அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. தன் வம்சம் எது என்பதை அது மறைக்கவே இல்லை. அந்த வம்சத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாப் இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இத்தகைய பாடல்களை 'பவர் பாப்' என்ற பெட்டியில் போடுவார்கள். மின்கிட்டாரின் கனத்த ஒலி, அதன்மேல் பீட்டில்ஸ் காலத்தின் இனிய மெட்டு, கூட்டாகச் சேரும் குரல்கள், மூன்று நிமிடத்துக்குள் முடிகிற கதை. இவை சேர்ந்தால் பவர் பாப். 1967இல் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தங்கள் இசையைச் சொல்வதற்குப் பயன்படுத்திய சொல் அது. அதன் பிறகு சொல்லப்படும் பரம்பரைக் கதை ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான்: பீட்டில்ஸ், பேர்ட்ஸ், தி ஹூ ஆகியோர் தந்தைகள், எழுபதுகளின் ராஸ்பெர்ரீஸ், பேட்ஃபிங்கர், பிக் ஸ்டார் ஆகியோர் மகன்கள். கிட்டார் மகனுக்குக் கைமாறுகிறது. பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்றால் பாட்டுக்குள் இருக்கிறார்கள். பையன் ஏங்குகிற பெண்ணாக, ஏமாற்றிவிட்டுப் போன பெண்ணாக.

1979ஆம் ஆண்டின் மிகப் பெரிய பவர் பாப் வெற்றி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்தது. 'தி நாக்' குழுவின் 'மை ஷரோனா' அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அவர்களுடைய முதல் தொகுப்பின் அட்டை, உடை, நிற்கும் தோரணை எல்லாமே பீட்டில்ஸை நினைவூட்டும்படி அமைக்கப்பட்டவை. அந்தப் பாட்டில் ஒரு பெண்ணின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அவளுடைய வயதுதான் பாட்டின் கிளர்ச்சி. அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு அதில் இடமில்லை. அதே கோடையில், அதே அறுபதுகளின் சொத்திலிருந்து, கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் வேறொன்றை எடுத்துக்கொண்டாள். பாட்டுக்குள் இருந்த பெண்ணை அவள் பேசவிட்டாள்.

அந்த வேறொன்று என்ன என்று பார்க்கக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1960 கடைசியில் நியூ ஜெர்சியின் பஸேக் நகரத்தைச் சேர்ந்த நான்கு கறுப்பினப் பெண்கள், பள்ளித் தோழிகள், ஒரு பாட்டை வெளியிட்டார்கள். குழுவின் பெயர் ஷிரெல்ஸ். பாட்டு 'வில் யூ லவ் மீ டுமாரோ'. இன்றிரவு என்னோடு இருக்கிறாய், நாளையும் இருப்பாயா என்று ஒருத்தி கேட்பதுதான் பாட்டின் பொருள். மெட்டமைத்தவர் கரோல் கிங். வயது 18, கையில் பிறந்து சில மாதமே ஆன குழந்தை. சொற்கள் அவருடைய கணவர் ஜெரி காஃபினுடையவை. 1961 தொடக்கத்தில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம். கறுப்பினப் பெண்குழு ஒன்று அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல்முறை. கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் தந்ததும் அதே 1960இல்தான். ஆனால் திருமணமாகாத பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது எளிதில் கிடைக்கிற பொருளாக இல்லை. ஓர் இரவின் விலையை அவள் தனியாகத்தான் கணக்குப்போட வேண்டியிருந்தது. அந்தக் கணக்கை வெளிப்படையாக, ஆனால் பண்பலங்காரம் கெடாமல், வயலின்களோடு வானொலியில் ஒருத்தி கேட்டுவிட்டாள். காதல் பாட்டு என்று ஒதுக்கிவிடுகிறவர்களுக்கு இந்த இடம் காதில் விழுவதில்லை.

அடுத்த நான்கைந்து ஆண்டுகள் இத்தகைய பெண்குழுக்களின் காலம். கிறிஸ்டல்ஸ், ரோனெட்ஸ், குக்கீஸ், மார்வலெட்ஸ், ஷாங்ரி-லாஸ். இந்தப் பாடல்களின் அமைப்பைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஒருத்தி முன்னால் நின்று தன் கதையைச் சொல்கிறாள். இரண்டு மூன்று பேர் பின்னால் நின்று 'ம்' கொட்டுகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், எச்சரிக்கிறார்கள், சில சமயம் கிண்டல் செய்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. தலைவியும் தோழியும் பேசுகிற பேச்சு. ஊர் தூற்றுகிற அலர். வீட்டுக்குள் அம்மாவின் காவல். அகப்பாட்டின் ஆட்கள் எல்லாரும் அங்கே வேறு உடையில் இருக்கிறார்கள். 1964இல் ஷாங்ரி-லாஸ் பாடிய 'லீடர் ஆஃப் தி பேக்'கில் தோழிகள் விசாரிக்க, நாயகி சொல்லச் சொல்ல, பெற்றோர் எதிர்த்த மோட்டார் சைக்கிள் பையன் பாட்டின் முடிவில் விபத்தில் சாகிறான். அதைப் பாடிய மேரி வைஸுக்குப் பதினைந்து வயது.

இந்தப் பெண்களைப் பற்றி இரண்டு வகையாகப் பேசுவது வழக்கம். ஒன்று, தயாரிப்பாளர்கள் ஆட்டிவைத்த பொம்மைகள் என்பது. மற்றது, அப்பாவித்தனமான பொற்காலத்தின் குரல்கள் என்பது. இரண்டிலும் அந்தப் பெண்களுக்குப் பங்கு இல்லை. ஆட்டிவைத்தது உண்மைதான், மறுக்க முடியாது. ஃபில் ஸ்பெக்டர் 1962இல் 'ஹீஸ் எ ரெபல்' பாட்டை அவசரமாகப் பதிவுசெய்ய நினைத்தார். கிறிஸ்டல்ஸ் அப்போது ஊரில் இல்லை. டார்லீன் லவ் என்ற பாடகியையும் அவருடைய பிளாஸம்ஸ் குழுவையும் பாடவைத்து, தட்டில் கிறிஸ்டல்ஸ் என்று அச்சிட்டு விற்றார். அது முதலிடத்துக்குப் போனது. பாடியவருக்குப் பெயர் இல்லை. பெயர் கிடைத்தவர்கள் தாங்கள் பாடாத பாட்டை மேடைமேடையாகப் பாட வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் அதே கிறிஸ்டல்ஸ் பெயரில் வந்த மற்றொரு பாட்டின் தலைப்பு, அவன் என்னை அடித்தான், முத்தம் கொடுத்ததுபோல் இருந்தது என்று பொருள்படுவது. எழுதியவர்கள் காஃபினும் கிங்கும். அவர்கள் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட இளம்பெண், பின்னாளில் 'லிட்டில் ஈவா' என்று புகழ்பெற்ற பாடகி, காதலனிடம் அடிவாங்கியதையும் அதற்கு அவள் சொன்ன சமாதானத்தையும் கேட்டு எழுதியது. எதிர்ப்பு வந்து, அந்தத் தட்டைத் திரும்பப் பெற்றார்கள்.

ரோனெட்ஸின் கதை இன்னும் கசப்பானது. ரோனியும் எஸ்டெல்லும் அக்கா தங்கைகள். நெட்ரா அத்தை, சித்தி உறவில் வந்த சகோதரி. நியூயார்க்கில் ஒரே குடும்பத்தில் வளர்ந்தவர்கள். 1963இல் 'பி மை பேபி' வந்தது. அதன் தொடக்க மேள அடியை அதன்பின் எத்தனை பேர் எடுத்தாண்டார்கள் என்று எண்ணி முடியாது. பீச் பாய்ஸின் பிரையன் வில்சன் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அதைக் கேட்டு, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார் என்பது அவரே பலமுறை சொன்னது. அதற்கு மறுமொழியாகத்தான் 'டோன்ட் வொர்ரி பேபி'யை எழுதினார். ரோனி 1968இல் ஸ்பெக்டரை மணந்தார். மாளிகைக்குள் அடைபட்டார். வெளியே போகாதபடி செருப்புகளை அவர் பறித்துவைத்திருந்தார். 1972இல் ரோனி வெறுங்காலோடு வெளியேறினார், தன் அம்மாவின் துணையோடு. பிறகு ராயல்டி கேட்டு மூவரும் நீண்ட வழக்காடினார்கள். 1963இல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி, அந்தப் பதிவுகள் திரைப்படத்திலும் விளம்பரத்திலும் ஒலிப்பதற்கு அவர்களுக்குப் பங்கு கிடையாது என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் 'பி மை பேபி'யைக் கேட்கிறேன். ரோனியின் குரல் சொல்லே இல்லாத ஓர் இழுப்பில் கட்டளையிடுகிறது. காதலைக் கெஞ்சிக் கேட்கிற தொனியே இல்லை. அந்த இழுப்பை யாரும் அவருக்கு எழுதிக்கொடுத்திருக்க முடியாது. பொம்மை என்று சொல்கிறவர்கள் அவரிடமிருந்து இரண்டாவது முறையாகத் திருடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அந்தத் தந்தைகளிடம் வருவோம். பீட்டில்ஸின் முதல் நீள்தட்டு 1963 மார்ச்சில் வந்தது. பதினான்கு பாடல்களில் எட்டு அவர்களுடையவை, ஆறு பிறருடையவை. அந்த ஆறில் மூன்று பெண்குழுப் பாடல்கள்: இரண்டு ஷிரெல்ஸ் பாடியவை, ஒன்று குக்கீஸ் பாடியது. பையன்களைப் பற்றிப் பெண்கள் கூடிப் பேசும் 'பாய்ஸ்' என்ற பாட்டை ரிங்கோ ஸ்டார் தலைப்பைக்கூட மாற்றாமல் பாடினார். அதே ஆண்டின் இரண்டாவது நீள்தட்டில் மார்வலெட்ஸ் பாடிய ஒன்றும், டோனேஸ் என்ற குழு பாடிய ஒன்றும் சேர்ந்தன. ஒருவர் முன்னால் பாட, இருவர் ஒரே மைக்கில் தலைசாய்த்துப் பின்குரல் கொடுக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சியை அவர்கள் எங்கே கற்றார்கள் என்பதற்கு அவர்களுடைய தட்டுகளே சாட்சி. ஆக, பவர் பாப்பின் தந்தைவழியைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் இரண்டு எட்டில் தாய்வழிக்குத்தான் வந்துசேர்வோம். வரலாற்றை எழுதியவர்கள் அந்த இரண்டு எட்டுக்கு முன்பே நின்றுவிட்டார்கள்.

கிர்ஸ்டி மக்கால் தெற்கு லண்டனின் கிராய்டனில் வளர்ந்தவர். அப்பா இவான் மக்கால் பிரிட்டிஷ் நாட்டுப்புற இசை மறுமலர்ச்சியின் பெரிய ஆள், இடதுசாரி, பாப் இசையை மதிக்காதவர். பாடகர்கள் அவரவர் மண்ணின் பாட்டைத்தான் பாட வேண்டும் என்ற விதியைத் தங்கள் மன்றத்தில் கொண்டுவந்தவர். அவர் வேறு குடும்பத்தில் வாழ்ந்தார். கிர்ஸ்டியை வளர்த்தவர் அம்மா ஜீன் நியூலவ். நடன ஆசிரியர், ருடால்ஃப் லாபனின் உதவியாளராக இருந்தவர். பத்திரிகைகளுக்கு அப்பாவின் பெயர்தான் வசதியாக இருந்தது. நாட்டுப்புறக் கலைஞரின் மகள் பாப் பாடுகிறாள் என்றால் அதில் ஒரு செய்தி இருக்கிறது அல்லவா? அந்த மகள் எந்த மண்ணின் பாட்டைப் பாடினாள் என்று யாரும் கேட்கவில்லை. வானொலியில் ஒலித்த நியூயார்க் பெண்களின் பாட்டும், கலிஃபோர்னியாவின் அடுக்குக் குரல்களும்தான் அவளுடைய தலைமுறையின் நாட்டுப்புறப் பாட்டு. அப்பாவின் விதிக்கு அவள் ஒருவகையில் கீழ்ப்படிந்தே இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

1978இல் 'டிரக் அடிக்ஸ்' என்ற பங்க் குழுவில் அவர் பின்குரல் பாடினார். சொந்தப் பெயரில் அல்ல. 'மேண்டி டவுட்' என்ற கேலிப்பெயரில். ஸ்டிஃப் நிறுவனத்தாருக்கு அந்தக் குழு பிடிக்கவில்லை. பின்னால் பாடிய பெண்ணைப் பிடித்திருந்தது. ஸ்டிஃப் என்பது எல்விஸ் காஸ்டெல்லோவையும் டேம்ண்ட் குழுவையும் அறிமுகப்படுத்திய இடம். துணிச்சலான நிறுவனம்தான். ஆனால் பனியன்களில் அச்சிட்டு விற்ற அதன் விளம்பர வாசகமே ஆண்குறியைப் பற்றிய ஓர் இரட்டை அர்த்தச் சிரிப்பு. அந்த வீட்டுக்குள் போய் ஒரு பெண் 'பி மை பேபி'யின் பேத்தியைப் பெற்றெடுத்தாள்.

'தே டோன்ட் நோ'வின் கதை பழைய கதைதான். நீயும் நானும் பொருந்த மாட்டோம் என்கிறார்கள், நம்மைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒருத்தி தன் காதலனிடம் சொல்கிறாள். அலருக்குப் பதில். 'ஹீஸ் எ ரெபல்' சொன்னதும் இதைத்தான்: ஊர் அவனைப் பொல்லாதவன் என்கிறது, எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் பழைய பாட்டுகளில் அந்த ஊரில் ஒரு பங்கு பாட்டுக்குள்ளேயே நிற்கும், தோழிகளாக. கிர்ஸ்டியின் பாட்டில் பின்னால் நிற்பவர்கள் யார்? அதுவும் அவரேதான். தன் குரலை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவுசெய்து, முன்குரலையும் அதைத் தாங்கும் கூட்டுக்குரலையும் ஒரே ஆளாகப் பாடினார். அவர் கடைசிவரை விடாத வழக்கம் இது. இரண்டு ஆண்டு கழித்து பீச் பாய்ஸின் 'யூ ஸ்டில் பிலீவ் இன் மீ'யையும் இப்படித்தான் குரல்களால் கட்டினார்.

இது வெறும் ஸ்டூடியோ உத்தி என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பெண்குழுவின் எல்லா இடங்களையும் ஒருத்தியே நிரப்புகிறாள். சந்தேகப்படத் தோழிகள் இல்லை. தன்னைத் தானே ஆமோதித்துக்கொள்கிறாள். கேட்க அவ்வளவு இனிமையாக இருக்கும் அந்தக் குரல் அடுக்குக்குள் ஒரு தனிமை இருக்கிறது. அறுபதுகளின் பாட்டில் நான்கு பேர் ஒரு தெருமுனையில் நின்றிருந்தார்கள். 1979இல் ஒருத்தி ஒலிப்பதிவு அறையில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு தன் குரலுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் என் தயக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 'எங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது' என்பதை நான் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். சாதி மாறிக் காதலித்த பெண் அப்படிச் சொன்னால் கைதட்டுகிறோம். அடிபட்ட கன்னத்தோடு ஒருத்தி அதையே சொல்லும்போது என்ன செய்வது? அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாது, அவர் நல்லவர்தான் என்று. முத்தம்போல் இருந்தது என்ற அந்தப் பாட்டு பிறந்ததும் இப்படிப்பட்ட ஒரு பேச்சிலிருந்துதான். மாளிகைக்குள் அடைபட்ட ரோனியைப் பற்றி வெளியே இருந்தவர்களுக்கு நிஜமாகவே தெரியாமல்தான் இருந்தது. பெண்ணின் காதலை ஊர் நம்ப மறுப்பது ஒரு கொடுமை. ஊரே வேண்டாம் என்று அவளை ஒருவனோடு தனியே விட்டுவிடுவதும் கொடுமையாக முடியலாம். 'தே டோன்ட் நோ' இந்தக் கேள்விக்குள் போகவில்லை. பத்தொன்பது வயதில் எழுதிய மூன்று நிமிடப் பாட்டிடம் அதைக் கேட்பதும் சரியில்லை. ஆனால் அந்தக் கேள்வியை வேறொரு பெண் எடுத்துக்கொண்டாள்.

டிரேசி உல்மன் கிர்ஸ்டியோடு ஒரே ஆண்டில் பிறந்தவர், நகைச்சுவை நடிகை. 1983இல் ஸ்டிஃப் நிறுவனத்துக்காகப் பாட வந்தார். அவருடைய முதல் தொகுப்பைப் பார்த்தால் ஒரு பெண் தன் அக்காக்களின் தட்டுப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். டோரிஸ் டே பாடியது ஒன்று, டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் பாடியது ஒன்று. 'பிரேக்அவே' என்ற பாட்டு ஜாக்கி டிஷானனும் ஷரன் ஷீலியும் என இரண்டு பெண்கள் எழுதி, இர்மா தாமஸ் 1964இல் பாடியது. இவற்றோடு, நான்கே வயதான 'தே டோன்ட் நோ'. அந்த வரிசையில் அது கொஞ்சமும் உறுத்தவில்லை. தொகுப்பின் தலைப்புப் பாட்டையும் எழுதிக்கொடுத்தவர் கிர்ஸ்டிதான். 'தே டோன்ட் நோ' பிரிட்டனில் இரண்டாம் இடம், 1984இல் அமெரிக்காவில் எட்டாம் இடம். கடைக்கு வராமலே போன பாட்டு உலகமெல்லாம் போயிற்று.

அதற்கு எடுத்த வீடியோவில் உல்மன் தன் நகைச்சுவையைப் பயன்படுத்தினார். காதலில் மிதக்கும் இளம்பெண்ணாகத் தொடங்குகிறவள், காலம் போகப்போக, நிறைமாதக் கர்ப்பிணியாக, வீட்டுச் செருப்போடு சூப்பர்மார்க்கெட்டில் வண்டி தள்ளுகிறாள். பாட்டு அதே பாட்டு, அதே இனிமை. அவர்களுக்குத் தெரியாது என்ற சொல் இப்போது அந்தக் கடையின் மளிகை அடுக்குகளுக்கு நடுவே ஒலிக்கிறது. அவளுக்கும் அன்று தெரிந்திருக்கவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. முடிவில் அவள் பகல்கனவில் ஒரு கார், ஓட்டுகிறவர் பால் மக்கார்ட்னி. ஷிரெல்ஸின் பாடல்களைப் பாடி வளர்ந்த குழுவின் ஆள், ஒரு பெண் எழுதி ஒரு பெண் பாடிய பாட்டில் வாய்திறக்காமல் சில நொடி வந்துபோகிறார். இதைத் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வருகிறது.

அந்தப் பதிவில் இன்னொன்றும் இருக்கிறது. பாட்டின் நடுவே, கருவியிசை முடிகிற இடத்தில், 'பேபி' என்ற ஒரே சொல் உயரத்தில் நீண்டு வரும். கேட்ட யாரும் மறக்காத இடம். உல்மனுக்கு அந்த உயரம் எட்டவில்லை. கிர்ஸ்டியே வந்து அந்த ஒரு சொல்லைப் பாடிக்கொடுத்தார். 1983இல் உல்மனின் பாட்டு என்று உலகம் கேட்டதில் அந்தச் சொல் மட்டும் எழுதியவளின் குரல்.

டார்லீன் லவ்வின் கதையோடு இதை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அங்கேயும் ஒருத்தியின் குரல், வேறொருத்தியின் பெயர். ஆனால் அங்கே நடுவில் ஓர் ஆண் நின்று, இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார். இங்கே நடுவில் யாரும் இல்லை. ஒருத்தியால் முடியாததை இன்னொருத்தி பாடித் தந்தாள். அதைவிட முக்கியமானது, பாட்டின் சொல்லும் மெட்டும் கிர்ஸ்டியின் பெயரில் இருந்தன. எழுதியவர் என்ற இடத்தில் வேறு யார் பெயரும் இல்லை. உல்மனின் தட்டு விற்க விற்க, எழுதியவளுக்குப் பணம் வந்தது. ரோனெட்ஸுக்கு நீதிமன்றம் வரை போயும் கிடைக்காதது. பெண்ணியம் என்று நாம் பேசுகிறபோது குரலைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தட்டின் நடுவே, வட்டத் தாளில், அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பார்க்கப் பழக வேண்டும்.

கிர்ஸ்டியின் பிற்கால வாழ்க்கையில் ஒரு முரண் உண்டு. பாடகியாக அவர் பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்த பாட்டுகள் ஆண்கள் எழுதியவை: 1985இல் பில்லி பிராக்கின் 'எ நியூ இங்லண்ட்', 1987இல் போக்ஸ் குழுவோடு பாடிய 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்'. 1989இல் அவர் பாடிப் புகழ்பெற்ற 'டேஸ்', கின்க்ஸ் குழு 1968இல் பாடியது. முழுக்கத் தானே எழுதியதில் அவருக்கு மிகப் பெரிய வெற்றி வேறொருத்தி பாடியபோதுதான் கிடைத்தது. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவருடைய குரலை பிரிட்டன் முழுக்கக் கேட்கிறது. அவர் எழுதிய தொகுப்புகளைத் தேடித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 1989இல் வந்த 'கைட்' தொகுப்பிலிருந்து தொடங்கலாம். ஆண்களிடம் ஏமாறாத, ஏமாந்தாலும் கணக்கை மறக்காத ஒரு பெண்ணின் கூர்மையான நாக்கு அதில் இருக்கிறது.

2000 டிசம்பர் 18 அன்று மெக்சிகோவின் கோஸுமெல் தீவருகே, முக்குளிப்பவர்களுக்கென்று ஒதுக்கிய கடற்பகுதிக்குள் பாய்ந்துவந்த விசைப்படகின் வழியிலிருந்து தன் மகனைத் தள்ளிவிட்டார். படகு அவர்மேல் ஏறியது. வயது 41. அவர் சாவுக்கு நீதி கேட்டு நடந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் அம்மா ஜீன் நியூலவ். அப்போதே எழுபதைக் கடந்திருந்தவர். 2009 வரை, ஒன்பது ஆண்டு, அவர் விடவில்லை.

மாணவிகளுக்கு ஒரு யோசனை. மூன்று பதிவுகளை வரிசையாகக் கேளுங்கள்: 1963இன் ரோனெட்ஸ், 1979இன் கிர்ஸ்டி, 1983இன் உல்மன். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதலில் முன்னால் பாடுகிறவளைக் கேளுங்கள். அடுத்த முறை அவளை விட்டுவிட்டு, பின்னால் பாடுகிறவர்களை மட்டும் கேளுங்கள். மூன்றாவது பதிவில், நடுவில் அந்த ஒற்றைச் சொல் வருகிறபோது, ஒரு கணம் குரல் மாறுகிறது. கவனித்தால் கேட்கும்.